ஊசியிலைப் படுக்கை

அந்த பிப்ரவரி வார இறுதியில் கோஸ்கெலா குடும்பத்தாரின் ஏரிக்கரை வீட்டில் தங்கியிருந்தவர்கள் மூன்று பேர். நீல் கோஸ்கெலா, வீட்டுக்கு உரியவன், நாற்பத்தாறு வயது, மாவட்ட மீட்புக்குழுவின் தலைவன். ராஸ் டிம்மன்ஸ், கல்லூரியில் நீலோடு ஒரே அறையில் இருந்தவன், மில்வாக்கியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். டானா ப்ரூகா, அதே கல்லூரிக்காரி, பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்ப்பவள். இருபத்திரண்டு வருஷமாக இந்த மூவரும் இதே பனிக்காலத்தில் இதே வீட்டில் கூடுகிறார்கள். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேலும் இருவர் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி வெர்னா கோஸ்கெலா, நீலின் அத்தை, ஒன்பது வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்ற டெபுடி ஷெரிப், அதாவது மாவட்டக் காவல் துணை அதிகாரி. மற்றவன் டுவேன் பெரோ, மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவன். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்று அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்த வீட்டில் நாற்காலிகள் போதாது.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி வாக்கில் ஆர்வோ பெல்டோ என்கிற எழுபத்தெட்டு வயதுக்காரர், உறைந்த ஏரிமேல் இருந்த தன் மீன்பிடிக் குடிலைப் பூட்டிவிட்டுக் காட்டுப்பாதை வழியே சாலைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பாதை சாலையைத் தொடும் வளைவில் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி ஒன்று சீறி வந்து அவரை அடித்துத் தள்ளியது. தொடை எலும்பு முறிந்தது. ஓட்டியவன் நின்றான், இறங்கி வந்தான், பிறகு போய்விட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த வழியே வந்த டுவேன்தான் பெரியவரைக் கண்டெடுத்தான். வண்டி கோஸ்கெலா வீட்டு மஞ்சள் வண்டி என்பதில் ஆர்வோவுக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டியவனின் முகம்தான் தலைக்கவசத்துக்குள் இருந்தது.

செய்தி வீட்டை எட்டியதும், அன்று மாலையே ராஸ் ஷெரிப்புக்குப் போன் செய்து, ஓட்டியது தானாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. மதியம் முழுக்கக் குடித்திருந்தான். வண்டிச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. நீல் ஸ்கீ என்கிற சறுக்குக்கட்டைகளில் காட்டுக்குள் போயிருந்தான், டானா டவுனுக்குக் கடைக்குப் போயிருந்தாள். மீதி யார்? இதற்கு அவன் சிறைக்குப் போகலாம். போகாவிட்டாலும், இனி எந்த ஊரிலும் குழந்தைகளை ஏற்றிய பேருந்தின் சாவியை அவன் கையில் தரமாட்டார்கள்.

வெர்னாவுக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. அதை மறைப்பானேன். கோஸ்கெலா வீட்டு வண்டி ஒரு கிழவரை அடித்துப் போட்டுவிட்டு ஓடியது என்பதே போதுமான தலைகுனிவு. ஓட்டியவன் கோஸ்கெலா இல்லை என்றால் தலையைப் பாதியாவது நிமிர்த்திக்கொள்ளலாம். நான்கு தலைமுறையாக அந்த ஊரில் கோஸ்கெலா என்றால் கதவைத் தட்டாமல் உள்ளே வரலாம் என்று பெயர். ஆஸ்பத்திரி நாற்காலியில் ஆர்வோவுக்குத் துணையாக உட்கார்ந்தே தூங்கி எழுந்த அவளுக்கு, இடுப்பும் முழங்காலும் போட்டிபோட்டு வலித்தன. கணக்கைச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ஷெரிப் காலையில் போன் செய்தார். ஒருகாலத்தில் வெர்னாவிடம் வேலை பழகியவர், அதனால் தயங்கித் தயங்கிப் பேசினார். பனிப்புயலால் நெடுஞ்சாலை மூடியிருக்கிறது, இரண்டு மணிக்குத்தான் வர முடியும், அதுவரை யாரும் அங்கிருந்து கிளம்பாமல் பார்த்துக்கொண்டால் போதும், உறவுக்காரர் என்பதால் விசாரணை மட்டும் வேண்டாம் என்றார். விசாரிக்கப் போகவில்லை, காப்பி குடிக்கத்தான் போகிறேன் என்று வெர்னா சொல்லிவிட்டு டுவேனின் லாரியில் ஏறினாள்.

லாரிக்குள்ளும் வெளியிலிருந்த அதே குளிர்தான்.

"ஹீட்டர் வேலை செய்யுதா இல்லையா?" என்றாள்.

"செய்யும் டெபுடி. ஏப்ரல்லேருந்து."

ஓய்வு பெற்றவளை டெபுடி என்று கூப்பிடுவது அவனுடைய பழைய கிண்டல். அவள் முதல் வருஷமே மறுத்துப் பார்த்துக் களைத்துவிட்டாள். வழியெல்லாம் டுவேன் பேசிக்கொண்டே வந்தான். நேற்று அந்த வளைவுக்குத் தான் போனதே ஒரு வேண்டாத வேலையால்தான் என்றான். யாரோ பணிமனைக்குப் போன் செய்து வளைவில் பனி மேடாகக் குவிந்து வழியை அடைத்திருக்கிறது என்று சொன்னார்களாம். போய்ப் பார்த்தால் ஒரு மேடும் இல்லை. கிழவர்தான் கிடந்தார்.

"பொய் சொன்னவனைத் திட்டிக்கிட்டே போனேன். போய்ச் சேர்ந்தப்புறம் அவனுக்கு ஒரு பியர் வாங்கிக் குடுக்கணும்னு தோணிச்சு. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு உணர்ச்சிதான் தாங்கும் டெபுடி, நேத்து ரெண்டு ஆயிடுச்சு."

வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். காலைப் பனி நாலு விரற்கடை மூடியிருந்தது. பெரியவர் கிடந்த இடத்தை டுவேன் காட்டினான். வெர்னா பூட்ஸ் முனையால் மெல்லச் சீண்டினாள். வெள்ளைக்கு அடியில் பச்சை தெரிந்தது. குனிந்து கையுறையால் துடைத்தாள். ஊசியிலை மரத்தின் கிளைகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும், ஒவ்வொன்றும் முழநீளம். அடிப்பக்கம் வெளியே, நுனிகள் உள்ளே, ஒன்றின்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருந்தன. அடிப்பக்கங்கள் கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தன.

பெரியவர் விழுந்த வேகத்தில் கிளைகள் ஒடிந்திருக்கும் என்று டுவேன் சொன்னான். வெர்னா ஒரு கிளையின் வெட்டைத் தடவிப் பார்த்தாள். ஒடிந்த கிளை இப்படி வரிசையில் படுக்காது. தொடை முறிந்தவர் எழுந்து மரத்தில் கிளை வெட்டவும் மாட்டார். காலையில் ஆர்வோ மருந்து மயக்கத்தில், நல்ல வாசனை, கிறிஸ்துமஸ் மாதிரி வாசனை என்று முனகியதும், நர்ஸ் சிரித்ததும் அவள் நினைவுக்கு வந்தன. மருந்து பேசவில்லை, மனிதர்தான் பேசியிருக்கிறார்.

"நீ பாத்தப்போ அவர்மேல என்ன போர்த்தியிருந்துது?"

"ஒண்ணுமில்ல. அவர் கோட்டுதான்."

"மேல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லைங்கறேனே. அடிச்சவன் அவ்வளவு நல்லவனா இருந்தா ஏன் ஓடறான்?"

வெர்னா நிமிர நேரமாயிற்று. டுவேன் கை கொடுத்தான், அவள் பிடிக்கவில்லை. லாரியில் ஏறிய பிறகு அவன் சொன்ன இரண்டு நகைச்சுவைகளுக்கும் அவள் முகம் திரும்பவில்லை. மூன்றாவதை அவன் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நீலின் ஸ்கீ ஜோடி பனியில் நட்டு வைக்கப்பட்டிருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேஜைக்கு அடியில் காலி பாட்டில்கள். டுவேன் எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்று பேருக்கு இது வார இறுதி இல்லை, வாழ்வாதாரம் என்று முணுமுணுத்தான்.

ராஸ் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். முகச்சவரம் செய்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். காலடியில் பை கட்டித் தயாராக இருந்தது. ஷெரிப்பை எதிர்பார்த்து ஒரு மனிதன் இப்படி உடுத்தியிருப்பதை வெர்னா தன் முப்பது வருஷ வேலையில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். டானா ஜன்னலோரம் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நேற்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். நீல் அத்தையைக் கட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றி மாட்டி, அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி ஊற்றினான். நல்ல பிள்ளை. எப்போதுமே நல்ல பிள்ளைதான்.

வெர்னா விசாரிக்கவில்லை. காப்பியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டே, ஆர்வோ பிழைத்துக்கொள்வார், நடக்க மட்டும் கோடை ஆகும் என்றாள். ராஸ் கண்ணை மூடித் திறந்தான். பிறகு அவள், சும்மா நேரம் போக்கப் பேசுகிறவளைப்போல, உங்களில் யாராவது குளிரில் இப்படி ஒருவரைக் கண்டால், கையில் ஒன்றும் இல்லாவிட்டால், முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

டானா திரும்பாமலே, தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போடுவேன் என்றாள். ராஸ் சுவர்ப் பக்கம் பார்த்தான். தானும் கோட்டைத்தான் போர்த்தியிருப்பேன், ஆனால் கோட்டு இங்கேயே ஆணியில் தொங்குகிறதே, அப்படியென்றால் அதைக்கூடச் செய்யாமல் வந்திருக்கிறேன் என்றான்.

"நீ, நீல்?"

அடுப்பில் கட்டை வைத்துக்கொண்டிருந்த நீல் அத்தையைப் பார்க்கவில்லை. "போர்த்துவேன். எல்லாரும் செய்யறதுதான் அத்தை. மேல போர்த்துவேன்."

வெர்னா கோப்பையைக் கீழே வைத்தாள். அது மேஜையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. முழங்காலை நீட்டி மடக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனாள். டுவேன் பின்னாலேயே வந்தான்.

"டெபுடி, ஒங்க மூஞ்சி சரியில்ல."

"அது அறுபத்தேழு வருஷமா அப்படித்தான். அந்த ஸ்கீயைப் புடுங்கித் திருப்பு."

அவன் பிடுங்கித் திருப்பினான். பாதம் படும் இடத்தில் அடிப்பக்கம் பளபளவென்று சிவப்பாக இருந்தது. அந்த ஊரில் பனிச்சறுக்குப் பழகிய எந்தக் குழந்தைக்கும் தெரியும்: ஸ்கீயின் அடியில் தேய்க்க, கடுங்குளிருக்குப் பச்சை மெழுகு, நடுத்தரத்துக்கு நீலம், பனி உருகும் நாளுக்குச் சிவப்பு. போன வாரம் பனி உருகியது. நீலும் போன வாரம் வீட்டைத் தயார்செய்ய வந்திருந்தான். நேற்றோ பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி.

"செவப்பு போட்டுக்கிட்டு நேத்துப் போயிருந்தா?" என்றாள்.

"போகவா? பாதத்துக்கு அடியில பனி கட்டி கட்டியா ஒட்டிக்கும். ஹைஹீல்ஸ் போட்ட கரடி மாதிரி நடக்கணும்." சொல்லிவிட்டுத்தான் டுவேன் மறுபடி ஸ்கீயைப் பார்த்தான். ஒரு கட்டி இல்லை. ஒரு கீறல் இல்லை. சிரிப்பு அவன் முகத்தில் பாதியில் நின்றது. "இதுல நேத்து யாருமே போகல."

"இல்ல."

"டெபுடி, வேணும்னா நாம கெளம்பிடலாம். ரெண்டு மணிக்கு ஷெரிப் வருவாரு. அவருக்கு மெழுகும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. தெக்கேருந்து வந்தவரு." இந்த முறை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவளுக்காக இரங்கிச் சொன்னான்.

வெர்னா ஏரியின் பக்கம் திரும்பினாள். இரண்டு மணிவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். அண்ணன் மகன், அண்ணன் இறந்த பிறகு இந்த வீட்டின் ஒரே ஆண் வாரிசு. உள்ளே இருப்பவன் எங்கிருந்தோ வந்த குடிகாரன், தானே ஒப்புக்கொண்டவன். அவளுக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. களைத்தவர்களுக்கு இந்தமாதிரி யோசனைகள் சுலபமாக வருகின்றன என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஸ்கீயை உள்ளே எடுத்துட்டு வா" என்றாள்.

உள்ளே போனதும் முதலில் ராஸிடம்தான் பேசினாள்.

"உன் பையைப் பிரிச்சு வை, தம்பி. நீ எங்கயும் போகல."

ராஸுக்குப் புரியவில்லை. டுவேன் ஸ்கீயை மேஜைமேல் சிவப்பு தெரிய வைத்தான். நீல் அதைப் பார்த்ததுமே, அவசரத்தில் தப்பான மெழுகைப் போட்டுவிட்டேன் என்றான். தப்பான மெழுகோடு போனவன் ஸ்கீ இப்படி இருக்காது என்று அவளும் சொன்னாள். திரும்பி வந்து சுரண்டிவிட்டேன் என்றான். சுரண்டியவன் மெழுகைச் சேர்த்துத்தானே சுரண்டியிருப்பான் என்றாள்.

"மெழுகு கெடக்கட்டும்" என்றாள் வெர்னா. "ஆர்வோவுக்குக் கீழே பன்னெண்டு கெளை வெட்டி அடுக்கியிருக்கு. மேல ஒண்ணுமில்ல. ஊருக்குப் புதுசா வந்தவன் மேலதான் போர்த்துவான். டானா போர்த்துவேன்னா. ராஸ் போர்த்துவேன்னான். சூட்டை உறிஞ்சறது கீழ இருக்கற பனின்னு தெரிஞ்சவன்தான் கீழ விரிப்பான். வருஷா வருஷம் டிசம்பர்ல சர்ச் ஹாலுக்கு வந்து நீ நடத்தற வகுப்பு, நீல். மேல ஒண்ணு போட்டா கீழ ரெண்டு போடுன்னு நீ சொல்லாத வருஷம் கெடையாது. நானே ஏழு தடவ கேட்டிருக்கேன். இன்னைக்கு நான் கேட்டப்போ மீட்புக்குழுத் தலைவனுக்கு அது மறந்துபோச்சு."

நீல் அடுப்பு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இரவு சமையலுக்கு ஆர்வோவிடம் மீன் வாங்கத்தான் கிளம்பினானாம். நாலு பியர் குடித்திருந்தான். வளைவில் வேகம் குறைக்கவில்லை. பெரியவரைப் பார்த்ததும் கை தானாக வேலை செய்தது. கிளை வெட்டினான், விரித்தான், முறிந்த காலை அசைக்காமல் அவரைத் தூக்கி அதன்மேல் கிடத்தினான். அப்போதுதான் தன் மூச்சின் பியர் நாற்றம் கவசத்துக்குள் தனக்கே அடித்தது. ஆம்புலன்ஸில் வருபவர்கள் எல்லாரும் அவன் குழுக்காரர்கள், நாற்றத்தை உடனே கண்டுகொள்வார்கள் என்று கிளம்பிவிட்டான். திரும்பி வந்தபோது ராஸ் சானா என்கிற நீராவிக் குளியலறையின் முன்கூடத்தில் போதையில் தூங்கிக்கொண்டிருந்தான். சாவியை அவன் சட்டைப் பையில் போட்டான்.

டானா ராஸின் பக்கம் வந்து அவன் தோளில் கை வைத்தாள். ராஸ் பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"நேத்து ராத்திரி முழுக்க அந்தப் பெரியவர் மூஞ்சியை ஞாபகப்படுத்திப் பாத்துக்கிட்டே இருந்தேன், நீல். வரவே இல்ல. நான் எவ்வளவு மோசமானவனா இருந்தா அதுகூட ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்."

நீல் அவனைப் பார்க்க முடியாமல் அத்தையைப் பார்த்தான். அவரை அப்படியே சாக விட்டுவிடவில்லை, வீட்டுக்கு வந்ததுமே பனி தள்ளும் பணிமனைக்குப் போன் செய்தேன், வளைவில் மேடு விழுந்திருக்கிறது என்று சொன்னேன், டுவேன் உடனே வந்துவிடுவான் என்று நினைத்தேன் என்றான்.

எல்லாரும் டுவேனைப் பார்த்தார்கள். அவன் தன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். பனி மேடுதானே, மற்ற இரண்டு சாலைகளை முடித்துவிட்டுப் போகலாம் என்று முடித்துவிட்டுத்தான் போனேன் என்றான். வழக்கமாக எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பவன், இதற்கு வைத்திருக்கவில்லை.

"மனுஷன் கெடக்கறான்னு சொல்லியிருந்தா பத்து நிமிஷம்" என்றாள் வெர்னா. "நீ பனி கெடக்குன்னு சொன்னே."

"நம்ம பேருக்காகத்தான் அத்தை. கோஸ்கெலா வீட்டுப் பையன் குடிச்சிட்டு ஆளை அடிச்சான்னு…"

"குடிச்சிட்டு அடிச்சான்னு சொல்லுவாங்க. ரெண்டு வருஷம் சொல்லுவாங்க, அப்புறம் வேற எவனாவது அடிப்பான். பேரை நீ வளைவுல விடல. அவன் பையில சாவியைப் போட்டே பாரு, அங்க விட்டே."

அவள் எழுந்தாள். இந்த முறை டுவேன் கை நீட்டினான், அவள் பிடித்துக்கொண்டாள். நீலின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து அவன் மடியில் போட்டாள். நெடுஞ்சாலை மூடியிருக்கிறது என்று டுவேன் நினைவூட்டினான்.

"அதைத் தொறக்கத்தானே உனக்கு வேலை" என்றாள் வெர்னா.

புறப்படும்போது ராஸுக்கு எதிரில் நின்று, கோஸ்கெலா வீட்டில் ஒரு விருந்தாளிக்கு இப்படி நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அது ஒரு அறிவிப்பைப்போல ஒலித்தது. ராஸ் தலையசைத்தான். நீலும் எதையோ சொல்ல வாயெடுத்தான். முதலில் ஆர்வோவிடம் சொல், மற்றவர்கள் அப்புறம் என்று அவள் அவனை வாசலுக்குத் திருப்பினாள்.

அந்த ஊர்க் காப்பிக் கடையில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. வெர்னா கோஸ்கெலா கடைசிவரை அண்ணன் மகனை மறைக்கப் பார்த்தாள், இரண்டு மணிக்கு ஷெரிப் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது என்று சொல்கிறார்கள். தவறு. ஷெரிப்பின் வண்டி அன்று அந்தச் சாலையில் ஏறவே இல்லை. பன்னிரண்டு அடிக்கும் முன்பே பனி தள்ளும் லாரி அந்த வீட்டிலிருந்து கிளம்பிவிட்டது. ஓட்டியவன் டுவேன், நடுவில் நீல், கதவோரம் வெர்னா. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு ஷெரிப் அலுவலகம். இரண்டு இடத்திலும் நீலுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான்.